மங்கோலியாவையும் பங்களாதேஷையும் ஒரே சார்ட்ல எப்பிடிக் காட்டுறது?

அண்ணே, அக்காமாரே, ஒரு ஒத்தாசை வேணும். மேலூர்ல சாயங்காலம் டியூசன் எடுக்குறேன், எட்டாப்பு புள்ள ஒருத்தி இந்த ரெண்டு நாட்டையும் வச்சு சார்ட் போடணும்னு வந்து நிக்கிறா. மங்கோலியா 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆனா சனம் 35 லட்சம்தான், நம்ம மதுரை மாவட்டத்துலயே 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்கு மேலன்னு சொன்னதும் புள்ளைக்கு கண்ணு விரிஞ்சுருச்சு. பங்களாதேஷ் அதுல பத்துல ஒரு பங்கு எடம்கூட இல்ல, அங்க கிட்டத்தட்ட 17 கோடி பேரு.

காரணம் சொல்லிட்டேன், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டாந்து கொட்டுற வண்டல்ல சில எடத்துல வருசத்துக்கு மூணு போகம் நெல்லு வெளையுது, மங்கோலியாப் பக்கம் மழையும் கம்மி, குளிரு மைனஸ் 40 வரைக்கும் போகும், ஆடு குதிரைய ஓட்டிக்கிட்டு எடம் மாறிக்கிட்டே இருக்குற பொழப்பு. நான் முழிக்கிறது எங்கன்னா, மங்கோலியால சதுர கிலோமீட்டருக்கு ரெண்டு பேருன்னு எழுதுனா அது சரியா வருமா? பாதி சனம் உலான்பாதர் ஒரு ஊர்லயேல்ல நெருக்கியடிச்சு இருக்கு. வெறும் சராசரியப் போட்டு புள்ளைக்குத் தப்பா சொல்லிக் குடுத்துறக் கூடாது. புள்ளி வச்ச மேப்பா போடவா, இல்ல நெல்லுமணி ஒட்டிக் காட்டவா? சோசியல் வாத்தியார், டீச்சர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, திங்கக்கெழம குடுக்கணும்.