கேம்பல் எழுதிய இரண்டு பக்கக் கடிதம்

நிலா: சித்தப்பா, என் ரோபோ கதை திரும்பி வந்துவிட்டது. 'பிரசுரிக்க இயலவில்லை' என்று ஒரே வரி. எது சரியில்லை என்று சொன்னால் திருத்தியாவது எழுதலாம்.

அத்தை: விடு கண்ணு, வேறு பத்திரிகைக்கு அனுப்பு.

சித்தப்பா: நீ கேட்பது நியாயம்தான். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்கு அது கிடைத்தது. 1938 ஜூன், அவருக்கு 18 வயது. புரூக்ளினில் அப்பாவுக்கு மிட்டாய்க் கடை. முதல் கதையை எடுத்துக்கொண்டு, சுரங்க ரயிலில் ஏறி நேராக 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் அலுவலகத்துக்கே போய்விட்டார். ஆசிரியர் ஜான் கேம்பல், அவருக்கே 28 வயதுதான். முன்பின் தெரியாத பையனை உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்.

நிலா: கதையைப் போட்டாரா?

சித்தப்பா: இல்லை, இரண்டே நாளில் திருப்பிவிட்டார். ஆனால் கூடவே இரண்டு பக்கக் கடிதம்! பையன் உற்சாகமாக அடுத்த கதையில் இறங்கிவிட்டார். 1941-இல் வந்த 'நைட்ஃபால்' கதைக்குப் பொறியே கேம்பல் தந்ததுதான். ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நட்சத்திரங்கள் தெரிந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார். பைத்தியம் பிடித்துவிடும் என்று அவரே பதிலும் சொல்லி, போய் எழுது என்றார்.

நித்யா அக்கா: கேம்பலின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் சித்தப்பா. கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டெலனியின் 'நோவா' நாவலைத் தொடராகப் போட மறுத்தாரே. கறுப்பின நாயகனோடு தன் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்றாராம். டெலனியே எழுதியிருக்கிறார். 2019-இல் புதிய எழுத்தாளர்களுக்கான, கேம்பல் பெயரிலான விருதை வாங்கிய ஜனெட் இங், டப்ளின் விழா மேடையிலேயே அவரைக் கண்டித்தார். அதே மாதம் விருதின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

சித்தப்பா: மாற்றியது சரிதான் நித்யா. அந்தக் குணம் அவர் திருத்திய கதைகளுக்குள்ளும் புகுந்தது. வேற்றுக்கிரகவாசிகளைவிட மனிதன்தான் உசத்தி என்று கதை முடிய வேண்டும் அவருக்கு. அந்தச் சண்டையே வேண்டாம் என்றுதான் 'ஃபவுண்டேஷன்' கதைகளில் அசிமோவ் மனிதர்களை மட்டும் வைத்தார். அவ்வளவு பெரிய பால்வெளியில் வேறு ஓர் இனம்கூட இல்லை, பார்.

நிலா: அது அசிமோவின் சொந்தக் கற்பனை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

நித்யா அக்கா: நிலா, கதையை எனக்கு அனுப்பு. எங்கே தொய்கிறது என்று பக்கம் பக்கமாகக் குறித்துத் தருகிறேன்.

சித்தப்பா: எனக்கும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்.

அத்தை: மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான், எல்லாரும் வந்துவிடுங்கள்.