கண்டல் இலை டிஎன்ஏ: பிசிஆரில் பான்ட் வரவில்லை

தாவரவியல் மூன்றாம் வருடம், யாழ்ப்பாணம்:
மண்டைதீவில் பறித்த வெண்கண்டல் இலையில் சீடாப் (கலங்களை உடைத்து டிஎன்ஏயைப் பிரிக்கும் சவர்க்காரம்) முறையில் டிஎன்ஏ எடுத்தால் மூக்குச்சளி மாதிரிப் பிசுபிசுக்கிறது, நிறமும் கபிலம். பிசிஆரில் (டிஎன்ஏத் துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) ஓட்டினால், நகல் வந்ததைக் காட்டும் பான்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) ஒன்றும் இல்லை. அண்ணா, அக்காமார், என்ன செய்யலாம்?

பதில் 1:
தங்கச்சி, கபிலத்துக்குக் காரணம் இலையின் பொலிபீனோல், பிசுபிசுப்புக்குக் காரணம் பொலிசக்கரைட்டு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி). இரண்டுமே பிசிஆரில் நகலெடுக்கும் டாக் நொதியத்தை மடக்கிவிடும். தளிர் இலை எடுங்கள். சீடாப் பஃபரில் (கரைசலில்) பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2 சதவீதம், கபிலமாவதைத் தடுக்கும் மேர்காப்டோஎதனோல் கொஞ்சம் சேருங்கள். அதைப் புகைக் கூண்டுக்குள் மட்டும் திறக்க வேண்டும். நாற்றம் உடுப்போடு வீடு வரை வரும்!

பதில் 2:
பொலிசக்கரைட்டைக் குறைக்க, பஃபரில் உப்பின் செறிவையும் வழக்கமான 1.4 மோலரிலிருந்து 2 மோலருக்குக் கூட்டலாம். அதற்கு முதல், இருக்கிற டிஎன்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி ஓட்டுங்கள். டாக்கை மடக்கும் அந்தப் பொருள்களும் ஐதாகும்.

கேட்டவர்:
சரி அண்ணா, ஐதாக்கியதில் மங்கலாக ஒரு பான்ட் தெரிகிறது. பிவிபி ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறதாம்.