புதுப்பிப்பு: அந்த 2014 டீசல் எர்டிகாவை வாங்கிவிட்டோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: சேலம் அம்மாபேட்டையில் ஒருவர் 98,000 கி.மீ. ஓடிய டீசல் எர்டிகாவை (மாருதியின் ஏழு சீட் கார்) விற்கிறார், வீட்டில் ஆறு பேர், நம்பி வாங்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காலை ஆறரைக்குப் போய் முதலில் பானட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது! ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்; இன்ஜின் ஆறியிருந்தால்தானே ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியும். ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் மெக்கானிக் அண்ணனோடு போனேன். அன்று இன்ஜின் சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது, வெள்ளைப் புகை இல்லை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார் அண்ணன். அங்கே புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் (சிலிண்டரிலிருந்து வாயு கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்திருக்கும் என்றார். வரவில்லை.

1,248 சிசி ஃபியட் வடிவமைப்பு இன்ஜின் இது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அவ்வப்போது பெல்ட் மாற்றும் செலவு மிச்சம்.

அப்புறம் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு விட்டோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. டெஸ்ட் டிரைவுக்கு அதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது. டெம்பரேச்சர் ஏறவே இல்லை. ஆனால் பாதி மலையில், மூன்றாவது கியரில், ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் ஏறியது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஊருக்குள் ஓட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசினோம். ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) 2029 வரை இருக்கிறது, கடன் பதிவும் நீக்கியாகிவிட்டது. திங்கள்கிழமை கிளட்ச் மாற்றுகிறோம்.