வர்ற சனிக்கிழமை அவருக்கு பிறந்தநாள், ஒம்போது பேர், இத்தாலியன் ரெஸ்டாரண்ட், பில்லை நெனச்சா பயமா இருக்கு

மஞ்சக்குப்பம் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கடலூர், இங்க வந்து ரெண்டு மாசம் ஆகுது. வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு பிறந்தநாள். தெருமுனையில ஒரு இத்தாலியன் ரெஸ்டாரண்ட் இருக்கு, அங்க நைட் எட்டரைக்கு ஒம்போது பேருக்கு டேபிள் சொல்லிட்டு கூட வேலை செய்றவங்க ஆறு பேரையும் வாங்கன்னு கூப்பிட்டுட்டு இப்ப வந்து எங்கிட்ட சொல்றார். பில் யார் குடுப்பாங்கன்னு கேட்டா பாத்துக்கலாம்ங்கிறார். சம்பளம் 27ஆம் தேதி தான் வரும். நேத்துலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல. எவ்ளோ ஆகும்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

முத்தியால்பேட்டை, பாரிஸ்ல 14 வருஷம்:
பயப்படாதம்மா. குழாய் தண்ணி கேட்டா காசு வாங்காம ஜாடியில தருவாங்க, சர்வீஸ் சார்ஜ் விலையிலயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் உன் இஷ்டம். நான் வந்த முதல் குளிர்ல ஒரு ரூம்ல நாலு பேர், பிறந்தநாள்னே எனக்கு ஞாபகம் இல்ல, ராத்திரி அம்மா போன் பண்ணி மணக்குள விநாயகருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன்னு சொன்னப்ப தான் தெரிஞ்சுது, அன்னைக்கு லா ஷப்பெல் வரைக்கும் நடந்து போய் ஒரு சிலோன் கடையில இட்லி வாங்கி தனியா சாப்ட்டேன். உனக்கு கூட ஆள் இருக்கு, அதுவே பெருசு.

நெல்லிக்குப்பம் தம்பி:
அக்கா எதுக்கு ஓட்டல், வீட்லயே ஒரு பிரியாணி போட்டுடுங்க, வெள்ளக்காரங்க விரும்பி சாப்பிடுவாங்க. நான் ஜெர்மனி வந்த முதல் ஆறு மாசத்துல வெளிய ஒரு காபி கூட குடிச்சதில்ல, அப்படி தான் வீட்டு கடனை அடைச்சேன்.

அரியாங்குப்பம்:
ஒம்போது பேருக்கு பிரியாணி எந்த அடுப்புல போடுவாங்க? எங்க வீட்ல இருந்தது ரெண்டு எலெக்ட்ரிக் தட்டு, அஞ்சு லிட்டர் குக்கர் வெச்சா பக்கத்துல டீ போட முடியாது. அது போகட்டும், அவர் ஆறு பேரை கூப்பிட்டார், நீங்க ரெண்டு பேர். ஒம்போதாவது ஆள் யாருங்க? எந்த ஊர்னும் சொல்லலையே.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
சாரி, டென்ஷன்ல விட்டுட்டேன். டுரின், இத்தாலி. ஒம்போதாவது எங்க அத்தை, மூணு மாச விசால வந்திருக்காங்க. புரட்டாசி முழுக்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வருஷா வருஷம் புரட்டாசி சனிக்கிழமை திருவந்திபுரம் போறவங்க. இந்த சனிக்கிழமை ஓட்டல்னு இன்னும் அவங்க கிட்ட சொல்லவே இல்ல.

நெல்லிக்குப்பம் தம்பி:
அப்ப ஈஸி அக்கா, மார்கெரீட்டா பிட்சா, தக்காளியும் சீஸும் தான், அது சைவம் தான்.

அரியாங்குப்பம்:
சைவம்னு அப்படியே சொல்லிடாதீங்க. பர்மஜானோ சீஸ் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற, பாலை உறைய வெக்கிற ரென்னட் போட்டு தான் செய்யணும்னு அவங்க விதியே இருக்கு. மொஸரெல்லாலயும் நிறைய இடத்துல அதே தான். பெஸ்டோ சாஸ் பச்சை கலர்ல இருக்கேன்னு நம்பி ஒரு வருஷம் சாப்ட்டேன், அதுலயும் அந்த சீஸ். தெரிஞ்ச அன்னைக்கு அழுதுட்டேன்.

முத்தியால்பேட்டை, பாரிஸ்ல 14 வருஷம்:
இவ்ளோ பார்த்தா வெளிநாட்ல ஒரு வாய் சாப்பிட முடியாதும்மா. எட்டரைக்கு உக்காந்தா சாப்பாடு வர ஒம்போதரை ஆவும், அத்தைக்கு அது வேற. ஊர்ல ஏழரைக்கு சாப்ட்டு எட்டரைக்கு திண்ணையில காத்து வாங்குவோம். ஞாயித்துக்கெழமை காந்தி வீதி சந்தைக்கு போய்ட்டு வர்ற மாதிரி ஒரு ஞாயிறு இங்க வருமா, நிறைய கடை கதவை சாத்திட்டு கெடக்கும்...

நெல்லிக்குப்பம் தம்பி:
ஆமாண்ணா, அதிலும் நவம்பர்ல நாலரைக்கே இருட்டிடுது. சில்வர் பீச் ஞாபகம் வந்தா சோறு எறங்காது.

ஆல்பேட்டை அக்கா, பியமோந்தே:
அந்த பொண்ணு தூங்காம உக்காந்திருக்கா, அவளுக்கு பதில் சொல்லுங்கப்பா. மா, நான் உன் பக்கத்துல தான் இருக்கேன், பத்து வருஷமா. பாரிஸ் கணக்கு இங்க செல்லாது. இங்க தண்ணி பாட்டிலுக்கு காசு, உக்காந்ததுக்கே தலைக்கு கொப்பெர்த்தோன்னு ரெண்டு மூணு யூரோ பில்லுல வரும், டிப்ஸ் கட்டாயம் இல்ல. முக்கியமான விஷயம், இங்க பிறந்தநாள்காரர் கூப்பிட்டா அவர் தான் குடுப்பார்னு நெனைக்கிறவங்க நிறைய. அதனால உன் வீட்டுக்காரர் இன்னைக்கே அவங்க கிட்ட ‘அல்லா ரொமானா’வான்னு கேட்கட்டும், சமமா பிரிச்சு குடுக்கிறதுக்கு அப்படி சொல்றது, கேட்கிறதுல வெக்கமே இல்ல. அவரே குடுக்கிறதா இருந்தா ரெஸ்டாரண்டை விட்டுட்டு ஒரு பிட்சேரியா பாருங்க, ‘ஜிரோ பிட்சா’ (giro pizza)ன்னு தலைக்கு இவ்ளோன்னு ஒரே ரேட்டுல பிட்சா வந்துக்கிட்டே இருக்கும், பில் முன்னாடியே தெரிஞ்சுடும்.

நாளையும் மாத்து. ஆனா வெள்ளிக்கெழமைக்கு மாத்தாத, இங்க பிறந்தநாளுக்கு முன்னாடி வாழ்த்து சொன்னா ஆகாதுன்னு நம்புவாங்க. ஞாயித்துக்கெழமை வை, அத்தையோட சனிக்கிழமையும் தப்பிச்சுது. அன்னைக்கு ராத்திரி திறந்திருக்கான்னு மட்டும் போன் பண்ணி கேளு.

அத்தைக்கு ‘மரினாரா’ பிட்சா. பேரை பார்த்து மீன்னு நெனச்சிடாதீங்க, தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. ஆனா உங்க ஊர் பிட்சேரியால இன்னொன்னு கிடைக்கும், ஃபரினாத்தா. கொண்டக்கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்ளோ தான், அடுப்புல சுட்டு தருவாங்க, நம்ம அடைக்கு தங்கச்சி மாதிரி. ரிசோத்தோன்னு அரிசியில ஒண்ணு இருக்கும், அது வேணாம், நிறைய இடத்துல அதுல கறி வேகவெச்ச தண்ணி ஊத்துவாங்க. பாஞ்ஞா காவுடான்னு காய்கறியோட ஒண்ணு வரும், அதுல நெத்திலி இருக்கு. சர்வர் கிட்ட இத அப்படியே படிச்சு காட்டு: நியெந்தே கார்னே, நியெந்தே பெஷே, நியெந்தே உவோவா, நியெந்தே ப்ரோதோ தி கார்னே. கறி, மீன், முட்டை, கறி சூப்பு எதுவும் வேணாம்னு அர்த்தம்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
அக்கா, அவர் போன் பண்ணி அந்த டேபிளை கேன்சல் பண்ணிட்டார். பக்கத்து பிட்சேரியால ஞாயிறு ஏழரைக்கு இடம் இருக்காம், ஃபரினாத்தாவும் இருக்காம். அவங்க ஆறு பேரும் பிரிச்சே குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க, நாங்க மூணு பேர் பங்கு மட்டும் தான். அத்தை கிட்டயும் சொன்னேன், சனிக்கிழமை நான் தளிகை போடுறேன், ஞாயித்துக்கெழமை அந்த அடையை பார்க்கலாம்னு சொன்னாங்க. பாயசத்துக்கு சேமியா தான் இல்ல.

ஆல்பேட்டை அக்கா, பியமோந்தே:
சூப்பர் மார்க்கெட்ல ‘கபெல்லி தாஞ்செலோ’ன்னு முடி மாதிரி மெல்லிசா பாஸ்தா இருக்கும், பாக்கெட்ல பார்த்து முட்டை போடாததா எடு. நெய்யில பொன்னிறமா வறுத்துட்டு பாலை ஊத்து, சீக்கிரம் வெந்துடும், பக்கத்துலயே நில்லு.