வானியல் மன்றத்துக்குப் பல்கலைக்கழக நிதி: திரும்பி வந்த விண்ணப்பத்தை எப்படித் திருத்தி எழுதுவது?

இரவுவானம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் வானியல் மன்றம் தொடங்கி ஓராண்டு ஆகிறது. பதிவு செய்த உறுப்பினர்கள் 42 பேர். தவறாமல் கூட்டத்துக்கு வருபவர்கள் 15 பேர் இருப்பார்கள். மாணவர் மன்றங்களுக்கான நிதிக்கு இம்முறைதான் முதன்முதலாக விண்ணப்பித்தோம். 200 மி.மீ. விட்டமுள்ள டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் வகை) ஒன்றை வாங்கவும், அதைக் கொண்டு வளாகத்திலேயே ஒரு வான்நோக்கு இரவை நடத்தவும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டிருந்தோம். வானியலின் பெருமையையும் அறிவியல் மனப்பான்மையின் தேவையையும் மூன்று பக்கங்களுக்கு விளக்கிய நாங்கள், பணத்தைப் பற்றி எழுதியது நான்கே வரிகள். 'செலவு விவரம் போதாது. பயன்பெறுவோர் எண்ணிக்கைக்கு அடிப்படை இல்லை' என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நாங்கள் எழுதியிருந்த எண்ணிக்கை 500.

அடுத்த சுற்றின் கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன. தொலைநோக்கியையும் நிகழ்ச்சியையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாமா, பிரித்துக் கேட்க வேண்டுமா? எப்படியும் வெட்டுவார்கள் என்பதால் சற்றுக் கூட்டிக் கேளுங்கள் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள், அது சரியா? சுவரொட்டிகளுக்கு நாங்கள் ஏற்கெனவே கைப்பணம் செலவழித்துவிட்டோம்; அதையும் இதில் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் ஏற்போம்.

குழுவில் இருந்தவன்:

வணக்கம் இரவுவானம். நான் படித்த பல்கலைக்கழகத்தின் நிதிக்குழுவில் இரண்டு ஆண்டுகள் மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழக விதிமுறைகள் வேறுபட்டால் அவற்றையே பின்பற்றுங்கள்.

ஒரே அமர்வில் பல விண்ணப்பங்களைப் பார்த்து முடிக்க வேண்டியிருப்பதால், குழுவினரில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது செலவு அட்டவணையைத்தான். அட்டவணை நம்பும்படியாக இருந்தால்தான் நோக்கவுரைக்குத் திரும்புவார்கள். வானியல் சிறந்த துறை என்பதை அங்கே எவரும் மறுக்கப் போவதில்லை என்பதால், அதை நிறுவுவதற்காக நீங்கள் செலவிட்ட மூன்று பக்கங்களும் வீண். இந்த மன்றம், இந்தக் கருவியை, இந்த அளவில் ஏன் கேட்கிறது என்பதற்கு மட்டும் விடை சொல்லுங்கள். ஒளியைத் திரட்டும் திறன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 200 மி.மீ. கருவி, 100 மி.மீ. கருவியைப் போல நான்கு மடங்கு ஒளியைத் திரட்டும். அதனால் மங்கலான விண்மீன் கொத்துகளையும் உங்கள் வளாகத்திலிருந்து காட்ட முடியும் என்று நீங்கள் எழுதும் இரண்டு வரிகள், குழுவில் இருக்கும் வணிகவியல் பேராசிரியருக்கும் விளங்கும்.

அந்த 500 என்ற எண்ணுக்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்த்தது அதுதான் என்று நினைக்கிறேன். தொலைநோக்கி ஒன்று; அதன் கண்வில்லையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். வருபவர் குனிந்து, குவியத்தைச் சரிசெய்து, சனியின் வளையத்தைக் கண்டு வியந்து விலகுவதற்கும், வான்பொருள் நகர்ந்துவிட்டதால் நீங்கள் குழாயை மீண்டும் திருப்பி வைப்பதற்கும் சேர்த்து ஆளுக்கு 2 நிமிடமாவது வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு 90 பேர். ஓர் இரவுக்கு அவ்வளவுதான். குழுவில் ஒருவராவது இந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்திருப்பார். அதே கணக்கை நீங்களே விண்ணப்பத்தில் போட்டுக் காட்டி, ஒரு பருவத்துக்கு நான்கு இரவுகள் நடத்தினால் 360 பேர் என்று எழுதினால், 500-ஐ விடச் சிறிய அந்த எண்ணுக்கு அதிக மதிப்பு கிடைக்கும். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு இரண்டு இருகண்ணோக்கிகள் வைப்பதாகவும் சேர்த்தால், கூட்டத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற அடுத்த கேள்வியும் எழாது.

கருவியையும் நிகழ்ச்சியையும் பிரித்துக் கேளுங்கள். கருவி பல ஆண்டுகள் இருக்கும் மூலதனச் செலவு; நிகழ்ச்சி ஒரு முறை நடந்து முடியும் நடப்புச் செலவு. பல இடங்களில் இவை வெவ்வேறு செலவினத் தலைப்புகளில் வருவதால், இரண்டையும் ஒரே தொகையாகக் கட்டினால் ஒன்றில் எழும் ஐயம் மற்றொன்றையும் சேர்த்து இழுத்துவிடும். தொலைநோக்கி பல்கலைக்கழகத்தின் உடைமையாக இருப்புப் பதிவேட்டில் ஏறும் என்பதையும், பூட்டிய அறையில் யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும், இப்போதைய நிர்வாகிகள் படிப்பு முடித்துச் சென்ற பிறகு யார் கையில் சேரும் என்பதையும் பொறுப்பாசிரியரின் கையொப்பத்துடன் இணையுங்கள். முந்தைய தலைவர் வெளியேறியதும் எங்கே போனது என்று தெரியாமல் போன கேமராவின் கதை ஏறத்தாழ எல்லாக் குழுக்களிடமும் உண்டு. உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும்போதும் அது அவர்கள் நினைவில் இருக்கும்.

கூட்டிக் கேட்கும் யோசனையைக் கைவிடுங்கள். விற்பனையாளர் எழுதித் தரும் விலைப்புள்ளியை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்ன பிறகு கூட்டுவதற்கு இடம் ஏது? அதற்குப் பதிலாக, முழுத்தொகை கிடைக்காவிட்டால் எதைக் குறைத்து நிகழ்ச்சியை நடத்துவீர்கள் என்பதை நீங்களே வரிசைப்படுத்தி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வெட்டும் இடத்தைக் குழுதான் முடிவு செய்யும். பெரும்பாலும் அது தவறான இடமாகவே இருக்கும்.

முன்னாள் பொருளாளர்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். பணம் உண்மையில் எப்படிக் கைக்கு வருகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

ஒப்புதல் கடிதம் வந்துவிட்டாலே பணம் வந்துவிட்டது என்று புதிய மன்றங்கள் எண்ணிவிடுகின்றன. பல பல்கலைக்கழகங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீது கொடுத்த பிறகே தொகை திரும்ப வரும். சில இடங்களில் முன்பணம் தந்து குறிப்பிட்ட நாளுக்குள் கணக்கு ஒப்படைக்கச் சொல்வார்கள். பெரிய கருவி என்றால் பணம் உங்கள் கைக்கே வராமல் கொள்முதல் பிரிவே நேரடியாக வாங்கித் தரும். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த முறை என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பித் தரும் முறை என்றால், இடைப்பட்ட வாரங்களுக்கு யார் பணம் போடுவது என்பதை முடிவு செய்யாமல் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். எங்கள் மன்றத்தில் ஒரு தோழி தம் உதவித்தொகையிலிருந்து பணம் போட்டுவிட்டு ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தார். ரசீதில் மன்றத்தின் பெயருக்குப் பதிலாக அவர் பெயர் இருந்ததுதான் காரணம்.

சுவரொட்டிகளுக்குச் செலவழித்த தொகையை இதில் சேர்க்காதீர்கள். ஒப்புதல் நாளுக்கு முந்தைய செலவைப் பெரும்பாலான விதிமுறைகள் ஏற்பதில்லை. ஆயினும் அது முற்றிலும் வீண் என்று கருத வேண்டாம். மன்றம் தன் பங்காக ஏற்கெனவே செலவிட்ட தொகை என்று தனி வரியில் காட்டினால், நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பது தெரியும்.

விலைப்புள்ளிகளில் அவை எந்த நாள் வரை செல்லும் என்பதைப் பாருங்கள். 30 நாள் செல்லத்தக்க விலைப்புள்ளியை இன்று வாங்கினால், ஒப்புதல் வரும்போது அது காலாவதியாகியிருக்கும். கருவியின் விலையோடு சேர்த்து அனுப்புகைக் கட்டணம், வரி, பாதுகாப்பு உறை, கூடுதல் கண்வில்லை எல்லாவற்றையும் கேளுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கையைப் பிசையக் கூடாது. பகலில் சூரியனைக் காட்டும் எண்ணம் இருந்தால், தொலைநோக்கியின் முன்புறத்தில் பொருத்தும் சூரிய வடிகட்டியும் கட்டாயம் அட்டவணையில் இருக்க வேண்டும். அது இல்லாத சூரிய நோக்கு பார்வையையே பறித்துவிடும்.

ஆய்வுக்கூடத்தார்:

சற்று மாறுபட்ட கருத்து. முதல் விண்ணப்பத்திலேயே தொலைநோக்கியைக் கேட்க வேண்டுமா? இயற்பியல் துறையில் பயன்படாமல் கிடக்கும் கருவி ஒன்று இருக்கக்கூடும். அதை இரவல் வாங்கி, நிகழ்ச்சிக்கு மட்டும் சிறு தொகை கேட்டு நடத்திக்காட்டுங்கள். வந்தவர்களின் கையொப்பப் பட்டியல், ஒரு பக்க அறிக்கை, மிச்சமின்றி முடித்த கணக்கு ஆகியவற்றோடு அடுத்த ஆண்டு கருவிக்காகப் போனால் வரவேற்பு வேறாக இருக்கும். துறையிடமிருந்தோ முன்னாள் மாணவர்களிடமிருந்தோ உதவி பெற்றால் அதை மறைக்காதீர்கள். ஒரே செலவுக்கு இரண்டு இடங்களில் பணம் பெற்றது பின்னர் தெரியவந்தால் மன்றத்தையே முடக்கிவிடுவார்கள்.

இரவுவானம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயற்பியல் துறையில் விசாரித்தோம், 150 மி.மீ. கருவி ஒன்று அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது, இரவல் தரச் சம்மதித்துவிட்டார்கள். எனவே இந்தச் சுற்றில் நிகழ்ச்சியையும் இரண்டு இருகண்ணோக்கிகளையும் மட்டுமே கேட்கிறோம். பயன்பெறுவோர் பத்தியை இப்படித் திருத்தியுள்ளோம்:

'வளர்பிறை அரைநிலவு நாளின் மாலையில் மூன்று மணி நேரம் நோக்கு நடைபெறும். ஒருவருக்கு 2 நிமிடம் என்ற கணக்கில் 90 பேர் தொலைநோக்கி வழியே பார்க்கலாம். அன்று மேகமூட்டம் இருப்பின் மறுநாள் மாலை நடைபெறும். அன்றும் இயலாவிட்டால் செலவாகாத தொகை திருப்பி ஒப்படைக்கப்படும்.'

முழுநிலவில் பள்ளங்களின் நிழல் தெரியாது என்பதால் அரைநிலவைத் தேர்ந்தெடுத்தோம். குழுவின் முடிவு மாதத்தின் 12-ஆம் நாள் வெளியாகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அரைநிலவு அதே மாதம் 14-இல் வருகிறது.

முன்னாள் பொருளாளர்:

பத்தி நன்றாக இருக்கிறது, நாள்தான் இடிக்கிறது. 12-இல் முடிவு வந்து, கடிதம் கையொப்பமாகி உங்களிடம் சேரவே சில நாட்கள் ஆகும். அதற்குள் 14-ஆம் நாள் நிகழ்ச்சியை நடத்தினால், அத்தனை செலவும் ஒப்புதலுக்கு முந்தைய செலவாகிவிடும். நிலவின் சுற்று ஏறத்தாழ 29½ நாட்கள் என்பதால் அடுத்த அரைநிலவுக்கு மாற்றி எழுதுங்கள். இடத்துக்கான அனுமதியையும் அந்த நாளுக்கே வாங்கி இணைத்துவிடுங்கள். அந்த நாள் தேர்வு வாரத்தில் விழவில்லையே என்று மட்டும் ஒருமுறை நாட்காட்டியைப் பாருங்கள்.