உணவால் 1.1 கோடி மரணம்: எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

கேள்வி:
2017-ல் உலகம் முழுக்க 1.1 கோடிப் பேர் மோசமான உணவுப் பழக்கத்தால் இறந்தார்கள் என்கிறது 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு. இறப்புச் சான்றிதழில் யாரும் 'உணவு' என்று எழுதுவதில்லையே, இந்த எண் எங்கிருந்து வந்தது?

பதில் 1:
சான்றிதழில் மாரடைப்பு, பக்கவாதம் என்றுதான் இருக்கும். ஒரு நாட்டில் சராசரியாக எவ்வளவு உப்பு உள்ளே போகிறது, அது ரத்த அழுத்தத்தை எவ்வளவு ஏற்றும், அந்த ஏற்றம் மாரடைப்பு வாய்ப்பை எத்தனை மடங்காக்கும் என்று படிப்படியாகப் போவார்கள். உகந்த அளவில் சாப்பிட்டிருந்தால் எத்தனை மரணம் குறைந்திருக்கும்? அந்த வித்தியாசம்தான் இந்த எண். மதிப்பீடுதான், தலையெண்ணிக்கை அல்ல. இதில் சுமார் 1 கோடி மரணம் இதய, ரத்தநாள நோய்களால் வந்தவை.

பதில் 2:
அதிக உப்பால் 30 லட்சம் மரணம், முழுதானியக் குறைவால் 30 லட்சம், பழக் குறைவால் 20 லட்சம். இப்படி அந்த ஆய்வு பார்த்த 15 உணவுக் காரணிகளையும் கூட்டிவிடாதீர்கள். ஒரே மரணம் இரண்டு, மூன்று காரணிகளில் விழும். கூட்டினால் மொத்தத்தைத் தாண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இன்னொன்று: முதல் மூன்றில் இரண்டு, தின்றதால் அல்ல, தின்னாததால் வந்தவை!

பதில் 3:
உப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது 2 கிராம் சோடியம். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 800 மி.கி. என்றால் 2 கிராம் உப்பு. '30 கிராமுக்கு' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 150 கிராம் பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு அது ஐந்து மடங்கு.