பெரியப்பா ஊதிப் பார்த்த ஆர்கன் குழாய்

சொந்தங்களுக்கு வணக்கமுங்க.

மாரியாத்தா நோம்பிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஜெர்மனியில் நான் இருக்கும் லுட்விக்ஸ்பர்க்கில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில் சர்ச் ஆர்கன் (நிறையக் குழாய்களில் காற்றை விட்டு வாசிக்கிற பெரிய வாத்தியம்) செய்து, பழையதைச் சரிபண்ணியும் கொடுக்கிற பட்டறை ஒன்று உண்டு. கிளம்பும்போது அங்கே கழித்துப்போட்ட சின்னக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒரு முழ நீளம். விமான நிலையத்தில் மூன்று பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது தனிக்கதை.

அம்மிச்சி கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இது நம்ம ரசஞ்சொம்பு ஈயமல்லோ?" என்றது. பாதி சரி. சொம்பு வெள்ளீயம், குழாயில் காரீயமும் கலந்திருக்கும். இதில் ரசம் வேண்டாம் என்று முதலில் சொல்லிவைத்தேன்.

பெரியப்பாதான் விடவில்லை. பீளமேட்டு ஃபவுண்டரியில் முப்பது வருசம் மணல் அச்சு செய்கிற மோல்டராக இருந்தவர். "தகட்ட எப்படிக் கண்ணு வாக்கறாங்க?" என்றார். உருக்கியதைக் கூழ்ப்பதம் தட்டும்வரை கிண்டி, நீள மேசையின் தலைமாட்டில் இருக்கும் மரப்பெட்டியில் ஊற்றுவார்கள். பெட்டியை ஒரே ஓட்டமாக மறுமுனைக்கு இழுத்தால், அடிச்சந்து வழியாக இறங்கிப் போன தடமெல்லாம் தகடாகிவிடும். நின்று இழுத்தால் வரி விழும். மேசைமேல் துணி விரித்திருப்பார்கள், மணல் பரப்பி ஊற்றுகிற பழைய முறையும் உண்டு என்றேன். மணல் என்றதும் மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் இழைத்து, உருளையில் சுற்றி, பற்றவைப்பதுதான்.

காரீயமாச்சே, வாய் வைக்க வேண்டாம் என்று அடிமுனையில் ரப்பர் டியூப் மாட்டி ஊதினோம். சீவாளி மாதிரி எதுவும் இதில் கிடையாது. புல்லாங்குழல் போல உதட்டு விளிம்பில் காற்று பட்டுத்தான் சத்தம். பெரியப்பா கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தார், கைச்சூட்டில் சுருதி லேசாக ஏறியது. பட்டறையில் இதற்காகவே குழாயைத் தொட்டால் திட்டுவார்கள். 15 டிகிரியில் 440 ஹெர்ட்ஸ் பாடுகிற குழாய், நம்மூர் 35 டிகிரியில் 455 பக்கம் போய்விடும். பித்தளை நாக்கு வைத்த குழாய்கள் அவ்வளவு ஏறாது. அதனால் வெயில் நாளில் ஒரே ஆர்கனுக்குள் இரண்டு கட்சி.

பிறகு மேல்வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஊதச் சொன்னார். ஒரு ஸ்தாயி இறங்கிவிட்டது. "அப்ப பாதி நீளத்துலயே வேல முடியுது. ஈயம் மிச்சமுங்க" என்று சிரித்தார். அங்கேயும் இடம் பத்தாத சர்ச்சுகளுக்கு மூடிபோட்ட குழாய்தான் வைக்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல் அவருக்கு எப்படித் தோன்றியது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, எழுத வந்த விசயம். ஜெர்மனியின் ஆர்கன் கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது சொன்ன கணக்கு: ஆர்கன்கள் 50,000, பட்டறைகள் 400, வேலை செய்கிறவர்கள் 2,800. தொழில் பழகுகிறவர்கள் வெறும் 180 பேர். பழகுவது மூன்றரை வருசம், மாதாமாதம் சம்பளம் உண்டு, வகுப்பு லுட்விக்ஸ்பர்க் பள்ளியில். மேலத்தெரு ஆசாரி வீட்டுப் பையன் குழாயைப் பார்த்ததிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மரவேலை நன்றாக வரும், காதும் நல்ல காது. ஜெர்மன் மொழி பி1 (நடுத்தர நிலை) அளவுக்காவது வேண்டும். ஈரோட்டிலோ கோவையிலோ மாலை வகுப்பு யாருக்காவது தெரிந்தால், நான் கிளம்புவதற்குள் சொல்லுங்க. முதல் ஆறு மாத ஃபீஸ் என் பொறுப்பு.

குழாயைத் திருப்பிக் கேட்டேன். பெரியப்பா தருவதாக இல்லை.